எனக்கெதுக்கு அலாஸ்கா

ஜனவரி 6

மச்சினன் நயினாருக்கு இந்த வருஷம் அறுபது நிறைகிறது. நெல்லைச் சீமையில் பிறந்தவன் அறுபது நிறைந்தால் திருக்கடையூருக்குப் போய்ப் பெண்டாட்டி கழுத்தில் இன்னொரு தாலி கட்டுவான். இவன் கனடாவுக்குப் போய் வான்கூவரில் குடியேறி, அங்கே பெண்டாட்டியும் இவனை வேண்டாம் என்று விட்டுப் போய்விட்ட ஆள். அதனால் கூடப்பிறந்த அக்காமார் இரண்டு பேரையும் கப்பலில் ஏற்றி, அலாஸ்காவுக்குக் கூட்டிப்போய்ப் பனிமலை காட்டப் போகிறானாம். ஒருத்தி என் மனைவி வடிவு. இன்னொருத்தி அவளுக்கு மூத்தவள், பகவதி மதினி. மதினிக்குச் செங்கோட்டை ரயிலில் ஏறினாலே தலை சுற்றும்.

இதை எங்கே சொல்கிறான்? குடும்ப வாட்ஸப் குழுவில். கீழே ஒரு கப்பல் படம், வாலைத் தூக்கிய திமிங்கிலம் ஒன்று, அதற்கும் கீழே 'அத்தான், நீங்களும் வாங்க' என்று ஒரு வரி.

அழைப்புக்கு என்று ஒரு முறை உண்டு. வீடு தேடி வர வேண்டும். முடியாவிட்டால் போனிலாவது கூப்பிட வேண்டும். முதல் தடவை கூப்பிட்டால் வேண்டாம் என்போம். மறு தடவைக்குப் பார்க்கலாம் என்போம். கையைப் பிடித்து இழுத்தால் எழுந்து போவோம். முதல் அழைப்புக்கே பந்தியில் போய் உட்காருகிறவனுக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர். என் அப்பா சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே அப்படிக் கூப்பிடவைத்துத்தான் போனார். அவருக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கு இருந்தது?

'எனக்கெதுக்கு அலாஸ்கா' என்று பதில் போட்டேன். நயினார் ஒரு கட்டைவிரல் படம் போட்டான். முப்பது வருஷம் வெளிநாட்டில் இருந்து கற்றுக்கொண்டது கட்டைவிரல்.

ஜனவரி 7

மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறேன் என்றவன் வரவில்லை. நயினாரும் போன் செய்யவில்லை.

ஜனவரி 11

தொட்டியை நானே கழுவினேன். வடிவு பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் வாங்களேன். ஒரு மாறுதலா இருக்கும்லா" என்றாள். அவள் கையில் என் பனியன் சொட்டிக்கொண்டிருந்தது.

இப்படியா கூப்பிடுவார்கள்? ஓர் உட்கார்ந்த பேச்சு கிடையாது, ஒரு வாய் காப்பி கிடையாது. "ஐஸு பாக்க அம்புட்டுத் தூரமா? பிரிட்ஜத் தொறந்தாப் போதாதா?" என்றேன்.

"சரி" என்று பனியனை உதறிக் கொடியில் போட்டாள்.

கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் நான் வேண்டாம் என்றதும் அவள் சரி என்று சொன்னதே இல்லை. வெயிலில் கண் கூசியதில் என் பதில் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம். நாளை கேட்பாள்.

ஜனவரி 12

கேட்கவில்லை.

ஜனவரி 19

நயினார் ஒரு பயணத் திட்டம் அனுப்பியிருக்கிறான். சியாட்டிலில் ஏறி, அங்கேயே திரும்பி வருவது. கப்பலுக்குள் சறுக்கு மரம், கார் ஓட்டுகிற தளம், சூதாட்டக் கூடம் எல்லாம் இருக்கிறதாம். சித்திரைப் பொருட்காட்சியை மிதக்க விட்டிருக்கிறார்கள். மதினிக்கு எழுபது வயதாகப் போகிறது. அவள் எந்தச் சறுக்கு மரத்தில் சறுக்குவாள்?

வடிவு போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். கப்பல் ஒரு பெரிய தீவுக்கு வெளிப்பக்கமாகப் போகிறது. திறந்த கடல். முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் தாமிரபரணிக் கால்வாய்களின் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் நான். படத்தைப் பார்த்தாலே தெரியும். தீவுக்கும் கரைக்கும் நடுவே குளம் மாதிரி ஒரு நீர்வழி இருக்க, அதை விட்டுவிட்டு அலையில் போய் ஆடுவானேன்? மதினி முதல் நாள் ராத்திரியே வாந்தி எடுத்து, வடிவு அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

குழுவில் நாலு வரி காரமாக எழுதினேன். நயினார் உடனே குரல் பதிவு அனுப்பினான். "அத்தான், இது எனக்குத் தோணவே இல்ல பாத்துக்கோங்க. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. வேற பாக்கேன்."

அதில் 'நீங்களும் வாங்க' இல்லை. இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

ஜனவரி 28

அடுத்த திட்டம். வான்கூவரில் ஏறி, உள்வழியாக வடக்கே போய், போன வழியே திரும்பி வான்கூவர். அம்பாசமுத்திரம் டவுன் பஸ்ஸும் இதைத்தான் செய்கிறது. பார்த்த கரையையே திரும்பிப் பார்ப்பதற்கு இத்தனை தூரம் போவானேன்?

கெட்சிக்கன் என்று ஓர் ஊரில் நிற்கிறதாம். அங்கே வருஷம் முழுக்க மழை. மழை பார்க்க மாஞ்சோலை போதும். அப்புறம் ஸ்காக்வே. தங்கம் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் ஏமாந்து வந்த ஊர். ஏமாந்த இடத்தையும் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள், பிழைக்கத் தெரிந்தவர்கள்.

வடக்கே போகிற கப்பல் திரும்பி வராமல், வடகோடித் துறைமுகத்திலேயே இறக்கிவிடுகிறதும் உண்டு. அங்கிருந்து ரயிலில் காட்டுக்குள் போய், விமானத்தில் திரும்பலாம். இதைக்கூடத் தேடிப் பார்க்கத் துப்பில்லை. பொழுது போகாமல் நான் பார்த்துக் குழுவில் போட்டேன். எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5

நயினார் நான் சொன்ன ஒருவழித் திட்டத்தையே எடுத்துவிட்டான். மே மாதக் கடைசியில் புறப்பாடு. அதுவும் நான் சொன்னதுதான். செப்டம்பரில் போகலாம் என்று இருந்தான், மழையில் நனைந்த கோழியாகத் திரும்பியிருப்பார்கள். எந்தப் பக்கத்து அறை என்று கேட்டான். வடக்கே போகும்போது கரை வலது கைப்பக்கம் வரும். ஆகவே வலப்பக்கத்து பால்கனி. இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டாம், கிழக்கு எது என்று தெரிந்தால் போதும்.

மதினிக்கு மூன்று சந்தேகங்கள். கப்பலில் தயிர் உண்டா, வழியில் கப்பல் நிற்கிற ஜூனோவில் கோயில் உண்டா, கரடி தண்ணீரில் நீந்துமா. நீந்தும் என்றேன். மதினி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 15

நயினார் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறான். காலையில் வீட்டுக்கு வருகிறான் என்று வடிவு சொன்னாள். சரி, புத்தி வந்துவிட்டது, முறைப்படி நேரில் கூப்பிட வருகிறான் என்று நினைத்தேன். நினைத்தால் தப்பா? இஸ்திரி போட்ட வேட்டி கட்டினேன். வேட்டி கட்டியது எப்போதும் கட்டுவதுதான்.

கையில் பையோடு வந்தான். பையில் ஆப்பிள், மாதுளை, இருட்டுக்கடை அல்வா. வெற்றிலை இல்லை. கனடாக்காரனிடம் வெற்றிலை எதிர்பார்க்க முடியாது, பழத்தோடு விட்டுக்கொடுக்கலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அத்தான், நீங்க இல்லன்னா நான் அந்தச் சறுக்கு மரக் கப்பல்லதான் போயிருப்பேன்" என்றான்.

"ம்" என்றேன்.

"பனியாறு பக்கத்துல கப்பல் எவ்வளவு நேரம் நிக்கும் அத்தான்?"

சொன்னேன். ரயிலைப் பற்றிக் கேட்டான், அதையும் சொன்னேன். காப்பி வந்தது, குடித்தான். வடிவு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்வையில் என்ன வேடிக்கை இருந்தது என்று தெரியவில்லை. நயினார் எழுந்தான்.

"நீங்களும் வந்தா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசதான் அத்தான். ஆனா நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் நச்சரிக்கது அந்த ஊர்ல ரொம்ப மரியாதக் குறவு. எனக்கும் அப்படியே பழகிட்டு."

மரியாதைக் குறைவாம்! கூப்பிடாமல் இருப்பதற்குப் பெயர் மரியாதை. இந்த மாதிரி மரியாதை நடக்கிற தேசத்தில் எவன் எவன் வீட்டில் சாப்பிடுவான்? எல்லோரும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

தெருமுனை வரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டேன். ஆட்டோ புறப்படுவதற்குள் கேட்டுவிடுவான் என்று கொஞ்சம் நின்றேன். கையை ஆட்டினான்.

மார்ச் 9

தெற்கு பஜாரில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன், உள்ளே போட்டுக்கொள்ள உல்லன் பனியனும். கடைக்காரன் என்னையும் வெளியே கொளுத்துகிற வெயிலையும் பார்த்தான். மார்கழிக்கு இருக்கட்டும் என்றேன். இந்த ஊரில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விற்பவனுக்கு அது எதற்கு?

வடிவிடமும் மார்கழிக்கு என்றுதான் சொன்னேன். "நல்லது" என்று பீரோவில் வைத்தாள். அடுத்த வார்த்தை ஏதாவது வரும் என்று பார்த்தேன். "பாச்சா உருண்ட போட்டு வைக்கேன்" என்றாள்.

மார்ச் 21

வடிவும் மதினியும் கனடா விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னை போகிறார்கள். அமெரிக்க விசா, டல்லாஸில் இருக்கிற மகளைப் பார்க்க எடுத்த பழையது, மதினி உட்பட எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மதினி புளியோதரை கட்டிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, சென்னைக்கே அலாஸ்காவுக்குப் போகிற மாதிரி போனாள்.

திரும்பும் வழியில் போட்டோ எடுத்துக்கொண்டேன். கனடாவுக்கு வேறு அளவாம், ஸ்டூடியோப் பையனுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஒரு போட்டோ இருப்பது நல்லது. ஓய்வூதிய அலுவலகத்தில் எப்போது கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 3

இன்று கேட்டேவிட்டேன். எத்தனை நாள் பொறுப்பது?

வடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் சேந்து என்னய ஒதுக்கிட்டீங்க, என்னா?" என்றேன்.

"யாரு ஒதுக்குனா? நயினாரு கூப்பிட்டான். நானும் கூப்பிட்டேன்."

"அதுக்குப் பேரு கூப்பிடுததா? துணி காயப்போடுத நேரத்துல, போற போக்குல."

"நீங்க வேண்டாம்னீஹ."

"வேண்டாம்னா விட்டுருவியா? மறுவாட்டி கேக்க மாட்டியா?"

முறத்தைக் கீழே வைத்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"சாப்பிட வாங்கன்னு ஒரு வேளைக்கு மூணு வாட்டி கூப்பிடுதேன். கல்யாண வீட்டுக்கு நீங்க கெளம்புததுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிருது. நம்ம பிள்ள பேறுகாலத்துக்கு டல்லாஸ் போவும்போது, சம்பந்தி வந்து கூப்பிடலன்னு மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தீஹ. கால்ல விழாத கொறையாக் கெஞ்சித்தான் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசுல அது எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு, நம்ம இல்லாம இவுஹ அசைய மாட்டாஹன்னு. இப்பம் அலுத்துப் போச்சு. இந்த ஒரு எடத்துக்காவது யாரையும் கெஞ்சாமப் போயிட்டு வரணும்னு இருக்கு."

அவள் சொன்னது எல்லாம் நடந்ததுதான்.

அவளே தொடர்ந்தாள். "இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போவல. இந்த மாசக் கடைசி வர நாள் இருக்குன்னு நயினாரு சொன்னான். 'நானும் வாறேன்'னு நீங்களா ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கே விசாவுக்குப் போட்டுருவோம். நீங்க கூட வந்தா எனக்குச் சந்தோசந்தான். ஆனா நீங்கதான் சொல்லணும்."

வாயைத் திறந்தேன். "எனக்கெதுக்கு அலாஸ்கா" என்று வந்தது.

நான் சொல்ல நினைத்தது அது இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. வடிவு என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

ஏப்ரல் 4

கீரையில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. சாப்பிட வாங்க என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 30

இன்றோடு நாள் முடிந்தது. நயினார் மூன்று பேருக்கும் பயணச்சீட்டை உறுதி செய்து குழுவில் போட்டுவிட்டான். அக்காமார் இருவருக்கும் சேர்த்து ஓர் அறை, வலப்பக்கத்து பால்கனி. காலை முழுக்க போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். 'நானும்' என்று மூன்று எழுத்து அடித்து அழித்தேன். எட்டு மாவட்டத்துக்குத் தெரிந்த கோபக்காரன் நான். ஒப்பந்தக்காரர்கள் என் ஜீப் சத்தம் கேட்டாலே சிமெண்டு மூட்டையை எண்ணிச் சரிபார்ப்பார்கள். அப்படிப்பட்டவன் மச்சினனிடம் போய் எனக்கும் ஓர் இடம் கொடு என்று நிற்பதா?

மே 22

பெட்டி கட்டுகிறாள். பெட்டி கட்டவே தெரியவில்லை. புளிக்காய்ச்சல் போத்தலைப் பட்டுப்புடவைக்குள் சுற்றுகிறாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு நானே அடுக்கினேன். பனியாற்றுக்குப் போகிற அன்று காற்று பலமாக அடிக்கும், காதை மூடிக்கொள் என்றேன். கப்பல் நிற்கும்போது அறைக்குள் படுத்துக்கிடக்காதே, மதினி அப்படித்தான் செய்வாள், நீ பால்கனியில் நில் என்றேன். பனிப்பாறை உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும், சத்தம் கேட்டுத் திரும்பினால் ஒன்றும் இருக்காது, அதனால் கண்ணை எடுக்காதே என்றேன்.

"போய்ப் பாத்தவுஹ மாதிரியே சொல்லுதீஹ" என்றாள்.

கம்பளிச் சட்டையை அவள் பெட்டியில் வைத்தேன். எனக்குப் பெரிது, அவளுக்கு இன்னும் பெரிது. குளிர் அளவு பார்க்காது.

மே 26

போய்விட்டாள். "போயிட்டு வாறேன்" என்றாள். "ம்" என்றேன். ரயில் நகர்ந்தபோது கையை ஆட்டினாள். மதினியும் ஆட்டினாள், அது எனக்கு இல்லை, தண்ணீர் பாட்டில்காரனுக்கு.

அவள் இல்லாத வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் நான் தனியாக இருந்ததில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்த வீடு போனபோது என் அம்மா இருந்தாள். எழுதிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 29

ஹோட்டலில் சாப்பாடு. ரசம் என்று வெந்நீர் கொடுத்தான். அடுத்த மேசைக்காரனை, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளுங்கள் என்று பரிமாறுகிறவன் வற்புறுத்தினான். என்னிடம் போதுமா என்றான். போதும் என்றேன். போய்விட்டான்.

ஜூன் 2

கெட்சிக்கனில் மழையாம். நான் சொன்னேன். படம் அனுப்பியிருக்கிறாள், மதினி குடைக்குள் முழுசாக மறைந்து நிற்கிறாள். மதினிக்கு இதுவரை வாந்தி இல்லை. உள்வழி.

ஜூன் 3

தினமும் படம் வருகிறது. எல்லாம் நயினார் எடுப்பது, எல்லாவற்றிலும் அவன் கட்டைவிரல் பாதி. ஒன்றில் வடிவு என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியோடு சிரிக்கிறாள். அவளுக்கு எப்படி இங்கிலீஷ் வந்தது? வீட்டில் வரவில்லையே.

ஜூன் 6

காலையில் பால் பொங்கப் போகிற நேரத்தில் போன். வீடியோ. அங்கே முந்தின நாள் சாயங்காலம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம் வடிவின் மூக்கு, சிவந்துபோய். "தெரியுதா? தெரியுதா?" என்று போனைத் திருப்பினாள். நீல நிறத்தில் ஒரு சுவர் நின்றது. இத்தனை பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எத்தனை அடி உயரம், எத்தனை மைல் அகலம், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நினைக்கவில்லை.

"நீங்க சொன்ன பக்கந்தான். நீங்க சொன்ன மாதிரிதான் வுழுது. அக்கா உள்ள படுத்துக் கெடக்கா."

சுவரிலிருந்து ஒரு துண்டு பிரிந்து தண்ணீரில் இறங்கியது. கப்பலில் எல்லோரும் கூவினார்கள். வடிவு மட்டும் போனை அசைக்காமல் பிடித்திருந்தாள். சத்தம் அப்புறம் வந்தது. போனிலேயே வயிற்றுக்குள் இறங்குகிற மாதிரி வந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. நான் போகவில்லை.

நயினார் தலையை நீட்டினான். "அத்தான், ரூட்டு போட்டது எங்க அத்தான்னு டேபிள்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அந்த மனுசன் எங்கன்னு கேக்காங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டான். அங்கே எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்குத் தெரிகிறது, ரூட்டுப் போட்டவன் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று.

வடிவு மறுபடி போனை முகத்துக்குக் கொண்டுவந்தாள். கண்ணில் தண்ணீர். காற்றினால் இருக்கும், அவளும் அதைத்தான் சொன்னாள். "அடுத்த வருசம் நார்வேன்னு ஒரு ஊருக்குப் போவமான்னு நயினாரு கேக்கான். அங்கயும் இப்படிக் கப்பல் உண்டாம். நான் சரின்னுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நீங்களும் வாங்க என்று சொல்லவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"நானும் வாறேன்" என்றேன்.

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தாள். எத்தனை நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டாள், சிரிப்பை அடக்கும்போது அப்படிச் செய்வாள்.

"பாப்போம்" என்றாள்.

பார்ப்போமாம்! கட்டிய புருஷன் வாய் திறந்து கேட்கிறான், பார்ப்போமாம். அடுப்பெல்லாம் பால். துடைக்க ஒரு மணி நேரமாயிற்று.

ஜூன் 7

இன்று மறுபடியும் கேட்டேன்.